ஒன்றாம் தேதி கோமதி வரவேண்டாம்

பிப்ரவரி 18, திங்கள்
இப்போதே வெயில் சுடுகிறது. அரை நாள் லீவு. பேங்க் வேலை முடிந்தது. இனி மாதம் பிறந்ததும் என் சேமிப்புக் கணக்கிலிருந்து தங்கை கோமதியின் கணக்குக்குப் பணம் தானாகப் போய்விடும். ஒரே ஒரு கையெழுத்து. அப்பா கடைசியில் கேட்டது, புருஷனை இழந்தவளைப் பார்த்துக்கொள் என்று. பார்த்துக்கொள்கிறேன். நேரில் பார்க்கத்தான் முடியவில்லை.

ஒன்றாம் தேதி அவள் வந்தால் பணம் வாங்கி, சாப்பிட்டு, என் பெண் ஜயாவோடு சாயங்காலம் வரை பேச்சு. இந்த முறை அன்றுதான் ஜயாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். பங்கஜத்துக்கு நாத்தனார் கவலை: "வர்றவா எதிர்ல இவ வந்து நின்னா நன்னாவா இருக்கும்?" நியாயம்.

வாங்க: காப்பிப்பொடி, ரவை, வாசலுக்கு பல்பு.

மார்ச் 1, வெள்ளி
புழுக்கம். வரவேண்டாம் என்று அவ்வளவு சொல்லியும் கோமதி வந்துவிட்டாள், கொல்லை வழியாக. பேங்கில் பணம் போட்டாயிற்றே என்றேன்.

"பணத்துக்கு வரலை அண்ணா. ஜயாவுக்குப் பூ கட்டிண்டு வந்தேன்."

வாங்கிக்கொண்டு அனுப்பினேன். தண்ணீர்கூடக் கேட்கவில்லை. பங்கஜம் பூவைச் சாக்கடையில் போட்டாள். பையனுக்கு ஜயாவைப் பிடித்துவிட்டது. பஜ்ஜியில் உப்பு தூக்கல்.

ஏப்ரல் 1, திங்கள்
வரவில்லை. நிம்மதி.

ஆகஸ்ட் 12, திங்கள்
மழை. செருப்பு அறுந்தது. கல்யாணச் செலவுக்குப் பணம் எடுக்க பேங்க். நினைத்ததைவிட மீதி அதிகம். வட்டி என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். கிளார்க் ராதாமணிக்குச் சிரிப்பு.

"சாரே, ஒண்ணாந்தேதி போற பணம் ரெண்டாந்தேதி திரும்பி வருதல்லோ. பத்தாந்தேதிக்குள்ள வர்றதால அந்த மாச வட்டியும் சாருக்குத்தான்."

மார்ச்சிலேயே கோமதி வந்து, என்னைப் போலவே ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அவள் கணக்கிலிருந்து என் கணக்குக்கு, அப்படியே. நிறுத்த வேண்டுமானால் அவள்தான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். நான் என்னுடையதை நிறுத்தலாம். எதற்கு? மாதாமாதம் அனுப்புகிறேன் என்பதற்கு பேங்கே சாட்சி. கையை விட்டும் போகவில்லை.

ஆனாலும் ராத்திரி தூக்கம் வரவில்லை. இத்தனை மாதம் என்ன சாப்பிட்டாள்?

ஆகஸ்ட் 30, வெள்ளி
தூறல். ஆரியசாலைக் கடைத்தெருவில் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனேன். அரிசி மண்டிச் செட்டியார், பாத்திரக்கடை, மூன்று வீடு. செட்டியார் வீட்டுச் சமையலறையில் கோமதி, இட்லிக்கு ஆட்டிக்கொண்டு. இளைத்துவிட்டாள். எனக்கும் அவள்தான் காப்பி கொண்டுவந்து வைத்தாள். நாங்கள் அண்ணன் தங்கை என்று செட்டியாருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

வாசல்வரை வந்தாள். பணத்தை ஏன் திருப்புகிறாய் என்று கேட்டேன். என் பத்திரிகைப் பையைப் பார்த்தாள்.

"அதுல எனக்கும் ஒண்ணு இருக்கா அண்ணா?"

தபாலில் வரும் என்றேன். சரி என்று உள்ளே போனாள். காப்பி நன்றாக இருந்தது.

பங்கஜத்திடம் சொன்னேன். "அனுப்பலைன்னு இருக்கப்படாது. அனுப்புங்கோ. எப்போன்னு நான் சொல்றேன்."

செப்டம்பர் 9, திங்கள்
வெயில். நேற்று கல்யாணம் குறையில்லாமல் முடிந்தது. பாயசம் மிச்சம், தெருவுக்கெல்லாம் கொடுத்தோம். ஜயா கிளம்பும்போது அத்தை ஏன் வரவில்லை என்று கேட்டாள். கூப்பிட்டிருக்கிறோம் என்றேன்.

ஆபீஸ் போகும் வழியில் கோமதியின் பத்திரிகையைத் தபால் பெட்டியில் போட்டேன்.