லா காலேஜ் படத்துக்குப் போட்ட மாலை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
25.10.1934

அம்மாவுக்கு, மகன் தில்லைநாயகம் விழுந்து கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

என் வேலை போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வக்கீல் ஐயா சென்னை லா காலேஜில் படித்தவர். கூடப் படித்த பன்னிரண்டு பேரோடு அவர் எடுத்துக்கொண்ட படம் ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கிறது. அதில் ஒருவர் இன்று திவான், இருவர் ஜட்ஜ். அந்தப் பெருமையைச் சொல்லாமல் ஐயா எந்தக் கட்சிக்காரரின் வழக்கையும் கேட்கமாட்டார்.

சரஸ்வதி பூஜையன்று சட்டப் புத்தகங்களுக்கும் டைப்ரைட்டருக்கும் பொட்டு வைத்தேன். ஒரு மாலை மிஞ்சியது. படித்தவர்கள்தானே என்று அதை அந்தப் படத்துக்குப் போட்டு, ஆளுக்கொரு பொட்டும் வைத்துவிட்டேன்.

மறுநாள் காப்பார் ரப்பர் தோட்டத்திலிருந்து வழக்கு விஷயமாக வந்த கங்காணி வீராச்சாமி, படத்தைப் பார்த்ததும் தலைப்பாகையை அவிழ்த்துவிட்டார்.

"அடப்பாவமே, மொத்தமா போயிட்டாங்களே! கப்பல் கவுந்துருச்சா?"

பின்னால் கோட்டுப் போட்ட ஒரு பெரியவர் நின்றிருந்தார். "கப்பல் பத்திரமாத்தான் வந்துச்சு. மூணாவதா நிக்கிறது நான்தான்யா" என்றார். ஐயாவைப் பார்க்கச் சென்னையிலிருந்து வந்த ஜட்ஜ்! ஐயாவும் அந்தப் படத்தில் இருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஜட்ஜ் வயிறு குலுங்கச் சிரித்ததால் பிழைத்தேன். ஐயா இன்னும் சிரிக்கவில்லை.

யாராவது இங்கே வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். தபாலுக்கு நேரமாகிறது, ஒன்றே ஒன்று. நான் அனுப்பிய என் படத்தை அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, வெள்ளிதோறும் இரண்டுக்கும் பூப் போடுகிறீர்களாமே. என் படத்துக்கு வேண்டாம் அம்மா. அந்த ஜட்ஜைப் போல நேரில் வந்து சொல்லியிருப்பேன். லீவு கிடைக்கவில்லை.

தில்லைநாயகம்