கொத்தாத சுவர்

ஜனவரி 6, 2025, திங்கள்

போர்ட்டிகோ பதினோரு அடி நீளம், ஒன்பது அடி அகலம். காலையில் நானே டேப் பிடித்து அளந்தேன். மேஸ்திரி அய்யாவு பிறகு ஒருமுறை அளந்தான், என் எண்களை நம்பாதவன் போல. அதே எண்கள்தான் வந்தன.

முன்பக்கம் செங்கல் வைத்து மூடி ஒரு ஜன்னல் வைத்தால் அறை. அது எளிது. தொல்லை வீட்டுப் பக்கச் சுவர்தான். தொண்ணூற்றெட்டில் இந்த வீட்டைக் கட்டியபோது வெளிச்சுவரில் சிமெண்டை வாரி எறிந்து சொரசொரப்பாக விடுவது மோஸ்தர். முள்ளம்பன்றியின் முதுகு போல ஒரு சுவர், அதன்மேல் இரண்டு தடவை பெயின்ட். கதவு நிலையை ஒட்டி மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு வழவழப்பான பட்டை. இத்தனை வருடம் யாரும் அதைத் தொட்டதில்லை. இனி கண் தெரியாத ஒருவன் அதைத் தடவிக்கொண்டு நடக்கப் போகிறான். கைத்தோல் உரிந்துவிடும் என்கிறாள் என் மனைவி கமலம்.

உரியட்டுமே என்று எழுதத் தோன்றுகிறது. எழுதிவிட்டேன்.

அய்யாவு கோபிநத்தத்துக்காரன். சாந்து கலக்க மனைவி பூவாத்தாளையே அழைத்து வருகிறான். வேலையை விளக்கச் சொன்னால் வரவேற்புரை மாதிரி விளக்குகிறான். "மொதல்ல முள்ளையெல்லாம் உளியில கொத்தி எடுக்கோணுங்க. பெயின்ட்டச் சொரண்டிக் கழுவி, சிமெண்ட்டுப் பால் அடிச்சு, அப்பறந்தான் பூச்சு. ஏழு நாளு தண்ணி காட்டோணும். அதுக்கப்பறம் பட்டி." கொத்துவதற்கு மட்டும் நான்கு நாளாம்.

தாஜ்மகாலைக்கூட இவ்வளவு யோசித்துக் கட்டியிருக்க மாட்டார்கள்.

ஜனவரி 7, செவ்வாய்

மண்டி மொஹல்லா கடைத்தெருவில் சிமெண்ட், சுவரை வழவழப்பாக்கும் பட்டி மாவு, உப்புத்தாள். யாருக்கு அறை என்று கடைக்காரர் கேட்டார். விருந்தாளிக்கு என்றேன். "எஷ்டு தினக்கே?" என்றார். எத்தனை நாளைக்கு. நல்ல கேள்வி. இதை வீட்டில் என்னிடம் யாரும் கேட்கவில்லை.

ஜனவரி 9, வியாழன்

முன்சுவர் எழும்பிவிட்டது. மாலையில் அதன் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். யாருக்காக இந்தச் செங்கல் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

2004. ஹனூர்ப் பக்கம் காட்டோரத்தில் ஒரு பள்ளிக்கூடம். திறந்து மூன்றே மாதத்தில் கூரைப் பூச்சு பெயர்ந்து விழுந்து ஒரு சிறுமிக்குத் தோள் எலும்பு முறிந்தது. வேலை சரி என்று கையெழுத்துப் போட்டிருந்த இளநிலைப் பொறியாளர் நஞ்சுண்டசாமி. என் மனைவியின் தம்பி. அதைப் பத்திரிகையில் எழுதிய நிருபர் நான். மூன்று பத்தி, பெயர் இரண்டாவது பத்தியில். ஒரு சொல் தவறில்லை, இன்றுவரை மறுப்பு வரவில்லை. அவனுக்குப் பதினான்கு மாதம் சஸ்பென்ஷன். கமலம் நான்கு மாதம் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. மைத்துனன் என்று விட்டிருந்தால் என்னை நானே மதித்திருக்க மாட்டேன். அவனை மதிக்கும் அவசியம் அதற்குப் பிறகு எனக்கு நேரவில்லை.

இப்போது சர்க்கரை அவன் இரண்டு கண்ணையும் எடுத்துக்கொண்டது. மனைவி லிங்கம்மா போன வருடம் இறந்தாள். பிள்ளைகள் இல்லை. நவம்பரில் குளியலறையில் விழுந்து ஒரு பகல் முழுக்க அப்படியே கிடந்திருக்கிறான். கமலம் என்னைக் கேட்கவில்லை, சொன்னாள். "சாமி இனி இங்கதான் இருப்பான். அஷ்டே." அவ்வளவுதானாம்.

வீட்டுக்குள் ஓர் அறை இருக்கிறது. அதில் என் செய்தித்தாள் கட்டுகள், முப்பத்தெட்டு. அவற்றை நகர்த்த முடியாது என்றேன். அதனால்தான் போர்ட்டிகோ.

ஜனவரி 12, ஞாயிறு

புதுச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றினேன். வேறொன்றுமில்லை.

ஜனவரி 16, வியாழன்

பொங்கலுக்கு ஊர் போன அய்யாவு இன்று திரும்பினான். 9.40க்குச் சொரசொரப்புச் சுவரைக் கொத்த ஆரம்பித்தான், ஜன்னல் பக்கத்திலிருந்து. மண்டைக்குள் உளி இறங்குவது போலச் சத்தம். தூசி உள்ளே வந்து செய்தித்தாள் கட்டுகள்மேல் படிந்தது. மதியத்துக்குள் பன்னிரண்டு சதுர அடி. மொத்தம் நூறு.

கணக்குப் போட்டேன். எல்லாம் அவன் சொன்னபடி நடந்தால் முப்பதாம் தேதி முடியும். நஞ்சுண்டசாமி வருவது இருபத்து நான்கு. ஆறு நாள் கழித்து வா என்று அவனுக்குப் போன் செய்ய வேண்டும். அவனிடம் நான் பேசி இருபத்தோரு வருடம். மறுபடி பேச ஆரம்பிக்க ஒரு சுவரா காரணம்?

கொத்தியது போதும், அப்படியே பூசிவிடு என்றேன்.

"பெயின்ட்டு மேல பூச்சு நிக்காதுங்க சார்."

"அந்த ஆளுக்கு இது போதும்."

சாந்துச் சட்டியிலிருந்து பூவாத்தாள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள். அய்யாவு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நீட்டினான். "அப்ப எழுதிக் குடுத்துருங்க. நாளைக்கு உப்பிக்கிட்டு வந்தா எம்பேரு கெட்டுப்போயிருமுங்க."

காகிதம் எடுக்கப் போனேன். தடுத்தான். காகிதம் தொலைந்துவிடுமாம். அளவு, கூலி, போன் நம்பர் எல்லாமே இவர்களுக்குச் சுவரில்தான். கதவோரத்து வழவழப்பான பட்டையைக் காட்டினான். எழுதினேன்: "கொத்த வேண்டாம் என்று சொன்னது நான். செந்தில்நாதன், 16-1-25."

முப்பத்தைந்து வருடம் பெயர் போட்டு எழுதியவன். ஒரு கொத்தனாரின் சுவரில் எழுதவா எனக்குப் பயம்?

ஜனவரி 18, சனி

பூச்சு முடிந்தது. என் எழுத்து உள்ளே போய்விட்டது.

ஜனவரி 22, புதன்

பட்டி இரண்டு கோட், உப்புத்தாள் தேய்த்து முடித்தாயிற்று. ஏழு நாள் தண்ணீர் காட்டவில்லை, மூன்று நாள் காட்டினேன். உள்ளங்கை வழுக்குகிறது. நான்கு நாள் கொத்தியிருந்தால் இதைவிட என்ன வந்திருக்கும்? அய்யாவு சுவரைத் திரும்பிப் பார்க்காமலே சாமான்களைக் கட்டிக்கொண்டு போனான். தன் பேச்சு எடுபடாததில் வருத்தம். நிருபர் வேலையில் இந்த மாதிரி நிபுணர்கள் நூறு பேரைப் பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 24, வெள்ளி

வந்துவிட்டான். கமலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஆட்டோவில் கூட்டி வந்தாள். பாதியாக இளைத்திருக்கிறான். குரல் வந்த திசைக்குக் கைகூப்பி "வணக்கமுங்க மாமா" என்றான். குரல் கமலத்துடையது. நான் மறுபக்கம் நின்றிருந்தேன். திருத்தவில்லை.

அறைக்குள் போனதும் ஜன்னல் பக்கத்திலிருந்து உள்ளங்கையால் சுவரைத் தடவிக்கொண்டே வந்தான். நடுவில் நின்று விரல் முட்டியால் தட்டினான். காதைப் பக்கத்தில் வைத்து இன்னொரு தட்டு. கதவோரம் இரண்டு தட்டு.

"என்ன?" என்றேன். இருபத்தோரு வருடத்தில் முதல் வார்த்தை.

"ஒண்ணுமில்லீங்க. நல்லா வழவழன்னு இருக்குதுங்க மாமா."

பாராட்டுகிறானாம். சுவரைப் பற்றி இந்த ஆளின் சான்றிதழ்!

ஜனவரி 26, ஞாயிறு

கமலத்திடம் சொல்லிக் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திக்கொண்டான். அங்கே காற்று வருகிறதாம். கழிவறை பக்கமாக இருக்கட்டும் என்றுதான் கதவோரம் போட்டிருந்தோம். இப்போது நான்கு எட்டு அதிகம், கண் தெரியாதவனுக்கு. கமலத்தின் நாற்காலியையும் கதவோரம் போட வேண்டாம் என்றிருக்கிறான், கால் தட்டுகிறதாம். வந்து இரண்டு நாள் ஆகவில்லை, அறையை நிர்வாகம் செய்கிறான். ஓய்வு பெற்றாலும் அதிகாரிகளுக்கு இந்த வியாதி தீராது.

ஜனவரி 30, வியாழன்

கதவோரம் மயிரிழை போல ஒரு விரிசல். கொஞ்சம் பட்டி குழைத்துத் தடவினேன். யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 5, புதன்

மதியம் 3.20. விழுந்துவிட்டது.

நான்கு அடிக்கு இரண்டு அடி, பலகை மாதிரி ஒரே துண்டு. முப்பது கிலோ இருக்கும். விழுந்த இடம் — அவன் வந்த அன்று கட்டிலின் தலைமாடு இருந்த இடம். கமலம் நாற்காலி போட்டிருந்த இடம்.

அவன் ஜன்னலோரம் ரேடியோ கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சத்தம் கேட்டு நான் ஓடினபோது ரேடியோவை அணைத்துவிட்டு, "அக்கா எங்கீங்க மாமா?" என்றுதான் கேட்டான். அடுக்களையில இருக்கா என்றேன். மூச்சு விட்டான்.

தெரிஞ்சிருக்கு. தட்டின அன்னிக்கே, பூச்சு பிடிக்கலன்னு சத்தத்துலயே தெரிஞ்சிருக்கு அவனுக்கு. காத்தும் இல்ல ஒண்ணும் இல்ல. அவளையும் நகர்த்தி உட்கார வெச்சிருக்கான். நான் — நான் விரிசலை மூடினேன். அன்னிக்கே அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? விரிசலைப் பார்த்த நானே சொல்லலையே.

கமலம் வந்தாள். பெயர்ந்த இடத்தில் பழைய பெயின்ட் துளி கீறல் இல்லாமல் பளபளப்பாக இருந்தது. அதில் என் எழுத்தும். இரண்டு முறை படித்தாள். துடைப்பம் எடுத்து வந்து துண்டுகளை வாரினாள்.

"அக்கா நின்னு எதையோ படிச்ச மாதிரி இருந்துதுங்க. செவுத்துல எழுத்து இருக்குதுங்களா?"

படித்தேன். முழுவதும், தேதியோடு.

முகத்தை என் பக்கம் திருப்பினான். பிறகு கேட்டான். "கையெழுத்து உங்களுதுதானுங்களா?"

"என்னுதுதான்."

பிப்ரவரி 6, வியாழன்

காலையில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"செவுத்தப் பத்தி நான் சொன்னா நீங்க நம்புவீங்களா?"

நம்பியிருக்க மாட்டேன். ஜனவரி 24ஐப் புரட்டிப் பார்த்தேன், இந்த நோட்டிலேயே இருக்கிறது.

பிறகு 2004இல் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். அன்றைக்கு அவனிடம் பேசாமலே எழுதிவிட்டேன். கோப்பு கையில் இருந்தது, ஆள் எதற்கு?

"அந்தக் கையெழுத்து ஏன் போட்ட?"

"அப்பவே கேட்டிருந்தீங்கன்னா ஏதாவது பொய் சொல்லியிருப்பேனுங்க." சிரித்தான். "தொறப்பு விழாவுக்குத் தேதி வெச்சுட்டாங்க. எவனும் மெரட்டல. காசும் வாங்கல. காட்டோரத்துப் பள்ளிக்கூடம், கூலிக்காரங்க புள்ளைக. அந்த ஊருக்கு இது போதும்னு நெனச்சேன். அவ்வளவுதானுங்க மாமா."

பூவாத்தாள் அன்று நிமிர்ந்து பார்த்த பார்வை ஞாபகம் வந்தது.

பிப்ரவரி 8, சனி

அய்யாவு வந்தான். நான் அப்பவே சொன்னேனே என்பான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அந்த மரியாதைக்குக்கூட எனக்குத் தகுதியில்லை போலிருக்கிறது. மிச்சப் பூச்சை முழுக்கத் தட்டி இறக்கினான். ஜனவரி 16 அன்று அவன் கொத்திவிட்டிருந்த பன்னிரண்டு சதுர அடி மட்டும் சுத்தியலுக்கும் அசையவில்லை. அதன் கீழேதான் சாமி கட்டிலைப் போட்டிருந்தான்.

தூசியில் படுக்க முடியாது. உள் அறையைக் காலி செய்தேன். நகர்த்தவே முடியாத கட்டுகளை நகர்த்த முக்கால் மணி நேரம் ஆனது.

கதவோரம் வந்ததும் அய்யாவு உளியை நிறுத்தினான். "இத என்னங்க பண்றது?" என்னைக் கேட்டானா, சாமியைக் கேட்டானா, தெரியவில்லை. சாமிதான் பதில் சொன்னான், பொறியாளர் குரலில். "கொத்திருங்க. உட்டா அங்க மட்டும் மறுக்காவும் புடிக்காது."

உளியை நான் வாங்கிக்கொண்டேன். ஒன்றரை அடி எழுத்துக்கு நாற்பது நிமிடம். உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். நான் உளி பிடிக்கும் அழகைப் பார்த்து பூவாத்தாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

பிப்ரவரி 15, சனி

புதன்கிழமையே பூச்சு முடிந்தது. காலையில் நான் தண்ணீர் காட்டுகிறேன், மாலையில் சாமி. எங்கே காய்ந்திருக்கிறது என்று கை வைத்துச் சொல்கிறான். நான் ஊற்றியதில் தினமும் இரண்டு இடம் விட்டுப்போகிறது.

பிப்ரவரி 25, செவ்வாய்

பட்டியும் முடிந்தது. சாமி ஜன்னலிலிருந்து கதவு வரை தட்டிக்கொண்டு வந்தான். கதவோரம் இரண்டு முறை. "கெட்டிங்க" என்றான்.

கட்டிலை இன்றைக்கே மாற்றலாமா என்று கமலம் கேட்டாள். வேண்டாம், உள் அறையிலேயே இருக்கட்டும் என்றேன். கமலம் என்னைப் பார்த்தாள். இரவு தட்டு வைக்கும்போது மூன்று தட்டையும் பக்கம் பக்கமாக வைத்தாள்.

போர்ட்டிகோ அறைக்குச் செய்தித்தாள் கட்டுகள் போய்விட்டன. சுவர் நன்றாக வந்திருக்கிறது. தடவிக்கொண்டு நடக்கத்தான் அங்கே ஆள் இல்லை.