மணக்காத கார்

அக்கா,

நேற்று ஜெனியின் காரில் ஏறியதும் சூடான எஞ்சின் எண்ணெய் மணம் மூக்கில் அடித்தது. கையில் இருந்த பையைக் காலடியில் போட்டுவிட்டு அவசரமாகக் கண்ணாடியை இறக்கினேன். "பழங்கார் அம்மா, கொஞ்சம் மணக்கும்தானே" என்று சிரித்தாள். உங்கள் வெள்ளைக் காரின் வயதில் ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கி வைத்திருக்கிறாள். வேண்டாம் என்று நான் சொன்னால் கேட்டால்தானே.

மணத்தைவிட அடுத்த பேச்சுத்தான் என்னைக் கலக்கியது. ஏற்றத்தில் கார் இழுக்கவில்லையாம். வால்வ் மூடியில் ஒரு பிரீதர் பொருத்திவிடட்டுமா என்று கராஜ்காரன் கேட்டானாம். "போடட்டோ அம்மா, விடட்டோ?" என்கிறாள். அவள் என்னிடம் கேட்கிறாள், நான் யாரிடம் கேட்பது? நீங்கள் கண்ணை மூடி இது இரண்டாவது மாரிகாலம்.

தொண்ணூறுகளில் ஒரு கோடை முழுக்க நாங்கள் இருவரும் இதே கேள்வியை வைத்துத்தான் சண்டை பிடித்தோம். கடற்கரைப் பக்கம், மொண்டெல்லோவில் அடுத்தடுத்த பணக்கார வீடுகளில் நமக்கு வீட்டு வேலை. காலையில் பலேர்மோவிலிருந்து உங்கள் காரில் போவோம். பள்ளி விடுமுறை என்பதால் ஜெனியும் பின்சீற்றில் இருப்பாள். பால்பல் விழாத வயது, அதற்குள் மூச்சிழுப்பு. அவள் நெஞ்சுக்குள் விசில் கேட்கிறதா என்று காதை வைத்துப் பார்ப்பதே எனக்கு வேலையாக இருந்தது.

உங்கள் எஞ்சின் உள்ளே தேய்ந்துபோயிருந்தது. அது கக்கும் புகை ஒரு குழாய் வழியாகக் காற்று வடிகட்டிக்குப் போய், அதை எண்ணெயில் ஊற வைத்துவிடும். ஏற்றம் வந்தால் கார் இருமி இருமி நின்றுவிடும். அந்தக் குழாயைக் கழற்றிவிட்டுப் பிரீதர் போட்டால், காளான் அளவு வடிகட்டி ஒன்று வால்வ் மூடியின் மேலேயே உட்கார்ந்து புகையை வெளியே விடும். கார் நிற்காது. ஆனால் அந்தப் புகை பொனட்டுக்குள் சுற்றி, நாங்கள் இருக்கும் இடத்துக்கும் வந்து சேரும்.

"பிள்ளைக்கு ஏலாது அக்கா. அந்த மணத்திலை அவளுக்கு இழுக்கும்" என்றேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலை கார் நிண்டால் மட்டும் இழுக்காதோ?" என்றீர்கள்.

அதற்கும் எனக்குப் பயம்தான். உங்களுக்கு வேறொரு காரணமும் இருந்தது. மலைமேல் கோயில் கொண்ட புனித ரொசாலியம்மாவின் திருநாளுக்கு நடக்க ஏலாத கிழவிகளை மலைக்கு ஏற்றி இறக்குவது உங்கள் நேர்த்திக்கடன். முந்தின வருடம் நடு வளைவில் கார் நின்று, செபமாலை சொல்லிக்கொண்டு வந்த கிழவிகளே இறங்கித் தள்ளும்படி ஆகிவிட்டது. அந்த வெட்கம் உங்களுக்கு ஆறவேயில்லை.

"அப்ப பிரீதரைப் போட்டிட்டு அதின்ரை வாயை அடைச்சு விடுங்கோவன்" என்றேன் ஒருநாள், எரிச்சலில்.

"நீ பிட்டு அவிக்கிறனியெல்லோ. ஆவி போக வழியில்லாமல் பானையை இறுக்கி மூடிப்பார், என்ன நடக்குமெண்டு. இதுவும் அப்பிடித்தான். இடுக்கெல்லாம் பிய்ச்சுக்கொண்டு எண்ணெய் கொட்டும். பிறகு எஞ்சினைத் தூக்கி எறிய வேண்டியதுதான். கவலைக் கடை, நீ சும்மா இரு."

கவலைக் கடை. எனக்கு நீங்கள் வைத்த பெயர். திறந்தால் பூட்டவே மாட்டேனாம்.

கடைசியில் என்னைக் கேட்காமலே பிரீதரைப் போட்டுக்கொண்டு வந்தீர்கள். நான் உங்களோடு கதைக்கவில்லை. ஜெனியை இழுத்துக்கொண்டு பஸ்ஸில் போகத் தொடங்கினேன்.

ஓகஸ்டில் சிரோக்கோ காற்று அனலாக அடித்த ஒரு மத்தியானம். வீட்டுக்காரச் சிஞ்ஞோரா கடலுக்குப் போயிருந்தா. ஜெனிக்கு இழுப்பு வந்தது. மருந்துப் பம்பை வாயில் அடித்தும் கேட்கவில்லை, உதடு நீலம் பாரித்துவிட்டது. அம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நீங்கள் வேலை செய்த பக்கத்து வீட்டு வாசலுக்கு ஓடி வந்தேன். நீங்கள் குளியலறை கழுவிக்கொண்டிருந்த கோலத்திலேயே வந்தீர்கள்.

"பின்னாலை ஏறு, வாறன்."

ஏறினேன். நீங்கள் பொனட்டைத் திறந்துகொண்டு நின்றீர்கள். "இப்ப என்னத்தைப் பார்க்கிறியள் அக்கா" என்று அழுதேன். அதைச் சாத்திவிட்டு வந்து காரை எடுத்தீர்கள்.

ஃபாவோரீத்தா பூங்கா வீதி முழுக்க வாகனம். ஹோர்னில் வைத்த கையை நீங்கள் எடுக்கவில்லை. இப்போது மணக்கும், இப்போது மணக்கும் என்று ஏப்ரன் நுனியைப் பிள்ளையின் மூக்கருகில் பிடித்துக்கொண்டே இருந்தேன். மணக்கவில்லை. கார் நிற்கவும் இல்லை. இவ்வளவு நாளும் வீணாகத்தான் பயந்தேனோ என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு வந்து போனது.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். பின்னேரம் அவளுக்கு நிறம் திரும்பியதும் உங்களிடம் சொல்ல வெளியே வந்தேன். நடைபாதைக் கல்லில் இருந்தீர்கள். காருக்கு அடியில் கறுப்பு எண்ணெய் குளமாக நின்றது. பொனட் திறந்திருந்தது. எஞ்சினுக்கு மேலே ஐந்து விரலும் ஊதிப்போய் ஒரு சிவப்பு இறப்பர் கையுறை நிமிர்ந்து நின்றது. பிரீதரை அதால் மூடி, கழுத்தில் கொடிக்கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தீர்கள். மற்றக் கையுறை இன்னும் உங்கள் இடது கையில் இருந்தது.

"பிள்ளை எப்பிடி?"

"ஐஸ் போட்ட கிரனீத்தா வேணுமாம்."

"அப்ப வாங்கிக் குடு."

"கார் அக்கா..."

"அது தன்ரை வேலையை முடிச்சிட்டுது."

அந்தக் கார் பிறகு ஓடவில்லை. திருநாளன்று ஒரு கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு மலையை நடந்தே ஏறினீர்கள். மற்றக் கிழவிகள் அடிவாரத்திலேயே மெழுகுதிரி கொளுத்தினார்கள். "உங்கடை நேர்த்தி?" என்று கேட்டேன். "ரொசாலியம்மா மேலையிருந்து எல்லாத்தையும் பார்த்துக்கொண்டுதானே இருந்தவ" என்றீர்கள்.

நேற்று ஜெனியிடம், "போடு பிள்ளை. மணந்தால் கண்ணாடியைத் திற" என்று சொன்னேன். சொன்ன பிறகும் நித்திரை வரவில்லை. கடை இன்னும் திறந்துதான் கிடக்கிறது அக்கா. ஆனாலும் எண்ணெய் மணக்கும் காரில் எப்படியோ சமாளித்துவிடுவேன். மணக்காத காரில் போய் இறங்கினால்தான் என்னால் ஏலாது. வீதியில் போகிறவர்கள் பார்த்தாலும் பரவாயில்லை என்று, குனிந்து காருக்கு அடியில் எண்ணெய் நிற்கிறதா பார்த்துவிட்டுத்தான் நடக்கிறேன்.