கண்மாயைச் சுற்றாத கம்பி

உத்தமபாளையம்
9 ஜூன் 2003

பள்ளி திறந்துவிட்டது. பகலில் அங்கே இயற்பியல் பாடம், சாயங்காலம் வீட்டிலும். உமர் துறைத் தேர்வு எழுதப் போகிறார். (நான் வாயால் கூப்பிடாத பெயர். இங்கே எழுதலாம்.) இருபத்தாறு வருடமாக மின்வாரியத்தில் லைன்மேன். தேறினால் மேற்பார்வை வேலை. போஸ்ட் ஏற வேண்டாம். ஐம்பத்து மூன்று வயது, வலது தோளைச் சரியாகத் தூக்க முடியவில்லை. இதுதான் கடைசி வாய்ப்பு.

தேறுவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. சொல்லவில்லை.

14 ஜூன்

நூறு மீட்டர் ஆரமுள்ள வட்டப் பாதை. கிழக்கு முனையிலிருந்து வடக்கு முனைக்குக் கால் சுற்று. இடப்பெயர்ச்சி என்ன? 157 என்று எழுதினார். அது நடந்த தூரம். நிலைத் திசையன்களைக் கழித்துக் காட்டினேன். மூன்றாவது முறை என் குரல் உயர்ந்துவிட்டது.

"காலையில போயி சாயங்காலம் வீட்டுக்கே வந்துர்றேன். உன் கணக்குப்படி நான் எங்கயுமே போகல, அப்படித்தான டீச்சரம்மா?"

அப்படித்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

15 ஜூன்

புத்தகத்தைத் தொடவில்லை, இருவருமே.

19 ஜூன்

கூட வேலை பார்க்கும் கர்ணன் வந்தான். "போஸ்ட்டுல ஏறையில அண்ணனுக்குத் தோள் பிடிச்சுக்கிருச்சு மேடம். பத்து நிமிசம் பெல்ட்டுலயே தொங்குனாக. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னாக."

கேட்டால் "காத்து வாங்குனேன்" என்கிறார். காத்து வாங்குனாராம்! என்ன மனுசன் இவரு? விழுந்திருந்தா —

புத்தகத்தை நானே எடுத்து வைத்தேன்.

22 ஜூன்

மறுபடி அதே கால் சுற்று. பாதியில் என்னை நிறுத்தினார். "இரு, இரு. கண்மாயைச் சுத்தி ரோடு வளைஞ்சு போகுது. வயரையும் வளைச்சா இழுப்போம்? போஸ்ட்டுக்குப் போஸ்ட்டு நேரா, குறுக்க."

வட்டத்தின் கிழக்கே ஒரு போஸ்ட், வடக்கே ஒன்று. நடுவே கோடு. அவரே போட்டார்: 141. அம்புக்குறி? "மொத போஸ்ட்டுல இருந்து அடுத்ததுக்கு. வடமேற்கு."

"கம்பி தொய்யுமே" என்றேன்.

"அதை நீ கழிச்சுக்க."

இருபத்து நான்கு வருடமாகக் கரும்பலகையில் கழித்துக்கொண்டிருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே போகும் கம்பி ஒருநாளும் கண்ணில் படவில்லை.

6 ஜூலை

மதுரையில் தேர்வு. அரைச் சுற்றுக் கேட்டார்களாம். "விட்டத்தை எழுதிட்டேன்." அம்புக்குறி? டீயைக் குடித்து முடித்த பிறகே வாய் திறந்தார்: "போட்டேன், போட்டேன்."

1 செப்டம்பர்

மேற்பார்வை வேலையில் முதல் நாள். சட்டையில் கிரீஸ் இல்லாமல் வந்து நின்றார். "எங்கயும் போகல, டீச்சரம்மா."

போஸ்ட் ஏற அவர் கட்டிய இடுப்புப் பெல்ட்டை வாங்கிப்போகக் கர்ணன் வந்திருந்தான். கொடுக்கும் முன் தையலையும் கொக்கியையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அதைத் தொட்டது இன்றுதான்.