எலும்புக்குப் போகும் வழி

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

என் ரத்தப் புற்றுநோய்க்காக உன் ரத்தத்திலிருந்து எடுத்த குருத்தணுக்கள் முந்தாநாள் எனக்குள் வந்துவிட்டன. எலும்பைத் துளைத்துத்தான் ஏற்றுவார்கள் என்று பயந்திருந்தேன். குளுக்கோஸ் மாதிரி ஒரு பையைத் தொங்கவிட்டு, நரம்பில் ஏற்றிவிட்டுப் போய்விட்டார்கள். அசைந்தால் அணுக்கள் திசை மாறிவிடுமோ என்று மல்லாந்தே கிடந்தேன். நர்ஸம்மா சிரித்துவிட்டார். "புரண்டு படுங்க சார். எலும்பு எங்க இருக்குன்னு அதுங்களுக்குத் தெரியும்."

தொற்று வந்துவிடும் என்று இந்த அறைக்குள் வெளியாட்கள் யாரும் வரக்கூடாது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம். பக்கத்து அறைக்காரருக்கு ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள். நீ அணுக்களைக் கொடுத்துவிட்டு எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாயாம். ஒரு தடவை வந்து நில் அக்கா. பேச வேண்டாம்.

வாலு

ஜூன் 11

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. அணுக்கள் பெருக எனக்கு ஊசி போட்ட நாட்களில் இடுப்பெலும்பு விண்விண்ணென்று வலித்தது. இப்போது தேவலை, தையல் மெஷினை மிதிக்கிறேன். பள்ளிச் சீருடைகள் குவிந்து கிடக்கின்றன.

வேளாவேளைக்குச் சாப்பிடு. டாக்டரிடம் உன் மேதாவித்தனத்தைக் காட்டாதே. 'வாலு' என்று கையெழுத்துப் போடாதே, அப்படிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது.

என் வீட்டுக்காரர் இறந்த அன்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தெருவிலிருந்து நீ வரவில்லை. என்னைக் கண்ணாடிக்கு வெளியே நிற்கச் சொல்லாதே.

அக்கா

ஜூன் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் அணுக்கள் எலும்புக்குள் குடியேறிப் பெருகத் தொடங்கிவிட்டன. ஆனால் உள்ளங்கையெல்லாம் சிவந்து எரிகிறது. உன் வெள்ளை அணுக்கள் ரத்தக்குழாய்ச் சுவரை ஒட்டி உருண்டு போய், தோலருகே வந்ததும் நின்று, சுவரின் இடுக்கில் நுழைந்து வெளியேறி, என் தோலைத் தாக்குகின்றனவாம். அவற்றுக்கு நான் அந்நியனாம். "அக்காவுக்கு உங்க மேல கோபமா?" என்று டாக்டர் விளையாட்டாகக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று ஏன் வரவில்லை என்று நேரில்தான் சொல்ல முடியும். தனியாக இருக்க முடியவில்லை, அக்கா. வா.

தம்பி

ஜூலை 6

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு சட்டைகளுக்குக் காலரைத் தலைகீழாகத் தைத்தேன். பிறகு டாக்டருக்கே போன் போட்டேன். மருந்துக்கு அடங்கிவிடும் என்றார். என் அணுக்கள் கொஞ்சம் சண்டை போட்டால் நல்லதுதானாம், மிச்சமிருக்கும் நோயையும் அவையே தேடிப்போய்த் தீர்க்குமாம். நான் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லையடா. கோபம் என்னுடையது, அதை நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீ பிழைக்க வேண்டும். அதை நினைத்தே மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. ஆனால் உன்னைப் பார்த்தால் அந்த வாசல்தான் கண்ணில் நிற்கும். நானும் இங்கே தனியாகத்தான் இருக்கிறேன், பழகிவிட்டது.

இன்னொரு பை தேவைப்பட்டால் டாக்டரை எழுதச் சொல். அன்றே கிளம்பி வருகிறேன். நீ எழுதினால் வரமாட்டேன்.

அக்கா