மியூரியலின் தலையாட்டல்

1979 அக்டோபர் 9, செவ்வாய்

ஹாலிஃபாக்ஸ் முழுக்க மழை. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தொழிற்சாலை மேலாளர் ஆக்ராய்டைத் தொலைக்காட்சிக்காகப் பேட்டி கண்டுவிட்டு மியூரியல் நனைந்த கோட்டோடு வீட்டுக்கு வந்தாள். இருப்பது ஒரே கேமரா; அது மேலாளரையே பார்த்துக்கொண்டிருக்கும். அவர் போன பிறகு இவள் காலி நாற்காலியைப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். அதைப் படம்பிடித்து, பேச்சை வெட்டிய இடங்களில் ஒட்டுவார்கள். தொழில் வழக்கம். "இன்னிக்கு நாற்காலி ரொம்ப நியாயமாப் பேசுச்சு, வில்ஃப்ரட்" என்று என்னிடம் சிரித்தாள்.

அக்டோபர் 11, வியாழன்

மாலை நிகழ்ச்சியில் ஆக்ராய்டு சொல்கிறார்: "எங்க தூசியால ஒரு தொழிலாளிக்குக்கூட நோய் வந்ததில்ல." அடுத்த நொடி திரையில் என் மனைவி — ஆமாம், ஆமாம் என்று தலையாட்டுகிறாள்! தூசியால் செத்தவர்களைப் பற்றி அவள் திருப்பிக் கேட்ட கேள்வியைக் காணோம். வெட்டிவிட்டார்கள்.

தட்டில் பட்டாணி ஆறிப்போனது. இருவரும் தொடவில்லை.

அக்டோபர் 12, வெள்ளி

மீன் வறுவல் கடை வரிசையில் எல்சி கிராப்ட்ரீ. அவள் கணவர் ஜாக் அந்தத் தொழிற்சாலையில் உழைத்து, இருமி இருமியே போனவர்.

"ஏம்மா மியூரியல், நல்லாத்தான் ஆட்டுற. எங்க ஜாக்கு மழையில நனைஞ்சு செத்தாருன்னு சொன்னாலும் ஆட்டுவியா?"

வரிசையே திரும்பிப் பார்த்தது. மீன் வாங்காமல் திரும்பினோம். எல்சி மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் யார் மேல் காட்டுவது இந்தக் கோபத்தை?

அக்டோபர் 15, திங்கள்

மியூரியல் கேட்டதற்கு, திருத்தம் எதுவும் ஒளிபரப்ப முடியாது என்றாராம் தயாரிப்பாளர் டென்பி. அது கேட்பதற்கான ஆட்டலாம். சம்மதிக்கும் ஆட்டல் இல்லையாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்களாம்.

காலமெல்லாம் வகுப்பில் ஆசிரியராக நின்றவன் நான். கடைசி வரிசையில் பலமாகத் தலையாட்டுகிற பையனுக்குப் பாடம் புரியவில்லை என்று எனக்குத் தெரியும். பார்வையிட வரும் ஆய்வாளருக்குத் தெரியுமா? புரிந்துவிட்டது என்று எழுதிக்கொண்டு போவார். வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் எல்லாருமே அந்த ஆய்வாளர்கள்தானே. இதுகூடவா டென்பிக்குத் தெரியாது? தெரிந்துதான் ஒட்டினாரா?

நவம்பர் 6, செவ்வாய்

இன்று நகரசபை உறுப்பினர் ஒருவரின் பேட்டி. முடிந்ததும் வழக்கம்போலத் தலையாட்டச் சொல்லியிருக்கிறார்கள். மியூரியல் கல்லாக உட்கார்ந்திருந்தாளாம். கழுத்து பிடித்துக்கொண்டது என்றாவது சொல்லுங்கள் என்று கேமராக்காரர் கெஞ்சினாராம்.

"கழுத்து நல்லாத்தான் இருக்கு" என்றாளாம்.

டிசம்பர் 14, வெள்ளி

மியூரியலின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்களாம். காரணம் கேட்டால், பார்வையாளர்களுக்குப் புதுமுகம் வேண்டுமாம். அடப்பாவிகளா — இந்த முகத்தை வைத்துத்தானே ஊரை நம்பவைத்தீர்கள்!

1980 பிப்ரவரி 20, புதன்

உள்ளூர் வானொலியில் மியூரியலுக்கு வாரம் ஒரு நாள் நிகழ்ச்சி கொடுத்திருக்கிறார்கள். எல்சியைக் கேட்டுப் பார்க்கப் போனோம். ஒலிப்பதிவுக் கருவியை நான்தான் சுமந்தேன். கதவைத் திறந்தவள் விலகி வழிவிட்டாள். ஏன் வேலை போனது என்று ஊரே பேசுகிறதே, அவளுக்கும் தெரியாமலா இருக்கும்? உள்ளே போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.

ஜாக்கைப் பற்றிப் பேசச் சம்மதமா என்று மியூரியல் கேட்டாள். எல்சி மெல்லத் தலையாட்டினாள்.

"வாயால சொல்லுங்க எல்சி. ரேடியோவுல தலையாட்டல் கேக்காது."

எல்சி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"தூசியாலதாம்மா செத்தாரு."