மர உச்சியைத் தரை என்றவர்கள்

செப்டம்பர் 4
கடல்வெள்ள அபாய வரைபடத்தின் புதிய பதிப்பு வந்திருக்கிறது. எங்கள் தெரு முழுவதும் பச்சை, அதாவது அபாயமில்லை. கடல் மட்டத்துக்கு மேல் ஏழு மீட்டராம். கடல் பொங்கும் நாள்களில் சாக்கடை வழியே உப்புநீர் என் வாசலுக்கு வருகிறது. ஏழு மீட்டர் ஏறி வருகிறது போலும். களைப்பே அறியாத தண்ணீர்.

பக்கத்து வீட்டில் இருக்கும் என் தம்பி, அந்தப் பச்சையை நம்பி, படுத்த படுக்கையாகக் கிடக்கும் மனைவியை மாடியிலிருந்து கீழறைக்கு மாற்றிவிட்டான். "ஏறி இறங்கி முதுகே போச்சுக்கா. பயமில்லன்னு கவர்மென்ட்டே சொல்லுதுல்ல?"

செப்டம்பர் 6
காரணம் பிடிபட்டது. விமானத்திலிருந்து உயரம் அளந்தவர்கள், நெருங்கி வளர்ந்த எங்கள் தெரு மரங்களின் உச்சியையே தரை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் புவியியல் கற்பித்த வகுப்பில் இதைச் செய்தவன் வெளியே நின்றிருப்பான்.

செப்டம்பர் 11
வரைபட அலுவலகம் சென்றேன்.

"மரத்தையெல்லாம் கம்ப்யூட்டரே கழிச்சிடும் மேடம்" என்றார் அதிகாரி.

"எங்க தெருவுக்கு வந்தப்ப அது தூங்கிடுச்சா?"

"வயசான காலத்துல ஏன் மேடம் இப்படி அலையிறீங்க?"

"உங்க கணக்குப்படி நாங்க மரத்து மேலதானே குடியிருக்கோம்? இறங்கி வந்தேன்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தரையில் அளவுகோல் வைத்து அளப்பதற்குத் தேதி தரும்வரை நாற்காலியை விட்டு எழவுமில்லை.

செப்டம்பர் 20
அளந்தார்கள். ஒரு மீட்டர் சொச்சம்.

அக்டோபர் 9
திருத்திய படத்தில் தெரு முழுவதும் சிவப்பு. எதிர்வீட்டுக்காரி என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். தம்பி வாசலில் நின்று கத்தினான்: "நான் நிம்மதியா இருந்தா உனக்குப் பொறுக்காதே! இனிமே இந்த வீட்ட எவன் வாங்குவான்?"

"தண்ணி வந்தா உன் பொண்டாட்டி எழுந்து ஓடுவாளாடா?"

அவள் ஜன்னலருகேதான் படுத்திருந்தாள். கேட்டிருப்பாள். சொல்லியிருக்க வேண்டாமோ? — வேறு எப்படித்தான் சொல்வது, அந்த மடையனுக்கு?

அக்டோபர் 10
தம்பியோடு பேச்சு அறவே இல்லை. காதுக்குச் சற்று ஓய்வு.

நவம்பர் 22
காலையில் நான்கு ஆட்கள் கட்டிலை மாடிக்கு ஏற்றினார்கள். "மெதுவா, மெதுவா" என்று தம்பி அவர்களை அதட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கதவை அறைந்து சாத்தினான். கீழறை ஒரே புழுக்கமாம். தெருவெங்கும் அப்படித்தான் சொல்லிவருகிறான்.

கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு இதை எழுதுகிறேன். ஆம், புழுக்கம்தான்.